மாமியின் சருகும் பசளை வாளியும்

கேள்வி:
ஐயா, நான் மட்டக்களப்பில் ஒரு பாடசாலை ஆசிரியை. வாவிக்கும் கடலுக்கும் இடையில் எட்டுப் பேர்ச் வளவு. கணவர், மாமி, இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு ஒரு வயது, இன்னும் பம்பஸ்தான். குப்பை ட்ரக்டர் கிழமைக்கு இரண்டு தரம் வருகிறது, ஆனால் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பாது. சந்தியில் கொண்டுபோய் வைத்தால் நாய் இழுத்துப் போடுகிறது. மாமி விடிய எழும்பி வளவு கூட்டி, மாமரத்தடிக் கிடங்கில் சருகோடு சேர்த்து எல்லாவற்றையும் போட்டுப் பின்னேரத்தில் கொளுத்துவார். "நாப்பது வருசமா இப்பிடித்தான், ஆருக்கு என்ன வந்தது?" என்கிறார். பக்கத்து வீட்டிலும் இதே கதைதான். குசினிக் கழிவை உக்க வைக்கப் பசளை வாளி ஒன்று வாங்கி வைத்தேன். கொஞ்ச நாளில் நாற்றமும் புழுவுமாகி, மாமி அதைக் கவிழ்த்துவிட்டார். பிறகு இரண்டு பையாகப் பிரித்துக் கட்டிக் கொடுத்தேன். என் கண்முன்னாலேயே இரண்டையும் ஒரே பெட்டிக்குள் எறிந்தார்கள். அப்படியென்றால் நான் ஏன் பிரிக்க வேண்டும்? இதற்கிடையில் எங்கள் மாதர் சங்கம் பிளாஸ்டிக் சேர்த்து விற்கலாம் என்கிறது. அதில் ஏதும் வருமா?

பதில்:
அன்புள்ள ரீச்சர்,

"ஏன் பிரிக்க வேண்டும்" என்ற கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்றவற்றுக்கான பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

ட்ரக்டரில் கலந்து போடுவது நடக்கிறதுதான். உக்குகிற குப்பைக்கு ஒரு நாள், உக்காததற்கு இன்னொரு நாள் என்று பிரித்து எடுக்கிற இடங்களில், ஒரே நாளில் இரண்டு பையையும் நீட்டினால் தொழிலாளிக்கு வேறு வழியில்லை. இருப்பது ஒரு பெட்டி. எந்த நாளில் எதை எடுக்கிறார்கள் என்று மேற்பார்வையாளரிடம் ஒருக்கா கேட்டு வையுங்கள். ஆனால் அவர்கள் கலக்கிறார்களா இல்லையா என்பதில் உங்கள் வீட்டு ஒழுங்கு தங்கியிருக்கக் கூடாது. ஈரக்குப்பை உங்கள் படலையைத் தாண்டாமல் வளவுக்குள்ளேயே நின்றுவிட்டால், அவர்களிடம் கலக்க ஒன்றும் இராது.

நம் வீடுகளில் சேரும் குப்பையை நிறுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் குசினியிலிருந்து வருவதுதான். மரக்கறித் தோல், பால் பிழிந்த தேங்காய்ப்பூ, மிஞ்சின சோறு, மீன் குடல், இறால் கோது. நாறுவது இது. ஒழுகுவது இது. நாய் பையைக் கிழிப்பதும் இதற்காகத்தான். பால்மாப் பையைத் தேடி எந்த நாயும் வராது. இதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது உலர்ந்த குப்பை. குசினிக்குப் பின்னால் ஆணியில் இரண்டு கிழமை தொங்கினாலும் ஒன்றும் ஆகாது. ட்ரக்டர் ஒரு நாள் வராவிட்டால் அடுத்த முறை கொடுக்கலாம். சந்தி வரை தூக்கிக்கொண்டு நடக்கவும் பாரமில்லை.

நாய் செய்வதைத்தான் அம்பாறைப் பக்கத்தில் யானை செய்கிறது. பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் மேய்ந்து பொலித்தீன் விழுங்கிய யானைகள் எட்டு வருடங்களில் சுமார் 20 செத்துப்போயின என்று 2022 ஜனவரியில் செய்தி வந்தது. வெட்டிப் பார்த்தபோது வயிற்றில் உணவு சுற்றிய உறைகளும் பிளாஸ்டிக்கும்தான் கிடந்தன. யானைக்குப் பொலித்தீனில் ஆசையில்லை. உள்ளே கட்டி வைத்த சோற்றின் மணம் அதை இழுக்கிறது. முடிச்சு அவிழ்க்கத் தெரியாததால் பையோடு விழுங்குகிறது. உங்கள் மட்டக்களப்பிலேயே திருப்பெருந்துறைக் குப்பைமேடு பற்றியெரிந்து ஊர் மறித்த கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14ஆம் திகதி சரிந்து 32 பேரைக் கொண்டுபோனது. ஈரமும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் குவிந்தால் உள்ளே காற்றுப் புகாது. அழுகி வாயு கிளம்பும், அந்த வாயு பற்றும், மழை இறங்கினால் மேடே இளகும். எங்கே கொண்டுபோய்க் கொட்டினாலும் இதுதான் நடக்கும்.

இனி மாமியின் கிடங்கு.

மாமி சொல்வதைத் தட்டிக்கழிக்காதீர்கள். நாற்பது வருடத்துக்கு முந்திய கிடங்கில் சருகு, பாளை, மீன் முள், பத்திரிகைக் கடதாசி, மிஞ்சிப்போனால் ஒரு டின்மீன் பேணி. அதற்கு அந்தக் கிடங்கு சரியான வேலைதான். இன்றைக்கு அதே கிடங்கில் விழுவது பால்மாப் பை, பிஸ்கட் உறை, சம்போ பக்கற், யோகட் கப், பம்பஸ். பழக்கம் பழசு, குப்பை புதுசு. இதை மாமியிடம் வாயால் சொல்லி வெல்ல முடியாது, காட்டலாம். கொளுத்தின மறுநாள் காலையில் சாம்பலை ஒரு தடியால் கிளறுங்கள். பால்மாப் பையின் உட்புறத் தகடு மினுங்கிக்கொண்டு அப்படியே கிடக்கும். யோகட் கப் கறுப்புக் கட்டியாக உருகி மண்ணோடு ஒட்டியிருக்கும். எரிந்தது என்று நாம் நினைப்பதில் பாதி எரியவில்லை. எரிந்த மீதி, பிள்ளை படுத்திருக்கும் அறைக்குள் போயிருக்கிறது.

பிளாஸ்டிக் எரிக்கவென்று கட்டும் உலைகளில் 850 பாகை செல்சியசுக்கு மேல் சூட்டை விடாமல் பிடித்து வைத்திருப்பார்கள். மாமரத்தடியில் புகைந்து புகைந்து வேகும் நெருப்பு அதன் கிட்டவும் போகாது. அந்த அரைகுறைச் சூட்டில்தான், அதுவும் வயர், பீவீசீ குழாய், ரெக்சின் பை மாதிரிக் குளோரின் உள்ள சாமான் சேர்ந்தால், டயொக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது காற்றோடு போய்த் தொலைவதில்லை. நிலத்தில் படிகிறது, அங்கே கொத்தித் தின்னும் கோழியின் கொழுப்பில் சேர்ந்து முட்டைக்கு வருகிறது. வளவில் கோழி மேய்கிறதென்றால் மாமியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். புகையைவிட முட்டைக் கதை வேகமாக வேலை செய்யும். பிளாஸ்டிக் எரிந்த சாம்பலை முருங்கைக்கும் கத்தரிக்கும் போடுகிற வழக்கமிருந்தால் அதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று, நீங்கள் இருப்பது மணல். மாரியில் இரண்டு மூன்றடி தோண்டினாலே தண்ணீர் தெரியும். கிடங்கில் ஊறியது வடிகட்டாமல் கிணற்றை நோக்கிப் போகும். குடிப்பதற்கு உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் வந்தாலும், குளிப்பதும் பிள்ளையைக் கழுவுவதும் பலருக்குக் கிணற்றில்தானே. மாரி தொடங்குமுன் கிடங்கை மூடிவிடுங்கள்.

அப்படியென்றால் சருகை என்ன செய்வது? உங்கள் பசளை வாளி ஏன் நாறியது என்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது, ரீச்சர். நீங்கள் வாளிக்குள் ஈரத்தை மட்டும் போட்டிருக்கிறீர்கள். அதற்குச் சோடியாகப் போயிருக்க வேண்டிய சருகை மாமி தினமும் பத்தடி தள்ளிக் கொளுத்தியிருக்கிறார்.

உக்குவதற்கு நைதரசனும் வேண்டும், காபனும் வேண்டும். நைதரசன் குசினிக் கழிவில் தாராளமாக இருக்கிறது. காபன் சருகில், உமியில், மரத்தூளில், கடதாசியில் இருக்கிறது. ஒரு பங்கு நைதரசனுக்கு இருபத்தைந்து முப்பது பங்கு காபன் என்பது புத்தகக் கணக்கு. வீட்டுக் கணக்கில், ஒரு கோப்பை ஈரக்குப்பை போட்டால் அதன்மேல் இரண்டு கோப்பை சருகு. பிட்டுக்குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறிப் போடுவதுபோல அடுக்கிக்கொண்டே வாருங்கள். கடைசியில் மேலே தெரிவது எப்போதும் சருகாக இருக்க வேண்டும், அப்போது இலையான் இறங்காது.

மாவிலை தடித்தது, முழுசாகப் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். உரப்பைக்குள் போட்டு மிதித்து நொறுக்கிவிட்டுப் போடுங்கள். சருகு குறைந்த நாளுக்கு அரிசி ஆலையில் ஒரு மூட்டை உமி எடுத்து வையுங்கள். நம் மாவட்டத்தில் உமிக்கா பஞ்சம்! தச்சுப் பட்டறை மரத்தூளும் நல்லது, ஆனால் பலகை ஒட்டுகிற பசையும் வார்னிசும் கலந்த தூள் வேண்டாம். பால் பிழிந்த தேங்காய்ப்பூவைக் கட்டியாகப் போட்டால் புளித்து நாறும், உதிர்த்துத் தூவுங்கள். மீன், இறைச்சி, எண்ணெய் மிதக்கும் கறி இப்போதைக்கு வாளிக்குள் போகக் கூடாது.

வாளியைக் கிணற்றிலிருந்து வளவு விடுகிற அளவு தள்ளி, நிழலில், நிலத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். மலசலகூடக் குழிக்குச் சொல்லும் ஐம்பதடி எட்டுப் பேர்ச்சில் கிடைக்காது. அதனால்தான் மூடி முக்கியம். மழைத் தண்ணீர் உள்ளே போகாவிட்டால் கீழே வடிவதும் குறைவு. அடியில் அரையடிக்குப் பொச்சுமட்டைத் துண்டும் சுள்ளியும் போட்டால் காற்று ஏறும். கிழமைக்கு ஒருமுறை ஒரு கம்பால் குத்திக் கிளறுங்கள். ஒரு கைப்பிடி அள்ளிப் பொத்திப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி வரலாம். ஒழுகினால் சருகு போதாது, ஒன்றுமே வராமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். கச்சான் வீசும் ஆனி ஆடியில் வாளி காய்ந்துபோகும், மாரியில் ஊறிப்போகும். இரண்டு காலத்திலும் கைதான் அளவுகோல்.

புழுவைப் பற்றி மாமிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தடித்த, சாம்பல் கலந்த கபில நிறப் புழு என்றால் அது ஒருவகைக் கறுப்பு ஈயின் குடம்பி. கடிக்காது, நோய் பரப்பாது, குப்பையைத் தின்று முடிப்பதுதான் அதன் வேலை. ஆனால் மொய்த்துக்கொண்டு நின்றால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். மெல்லிய வெள்ளைப் புழு வீட்டு இலையானுடையது, அதை விடக் கூடாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கிளறிவிட்டு மேலே சருகு. சிலர் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள், டெற்றோல் தெளிக்கிறார்கள். புழுவோடு சேர்ந்து உக்க வைக்கிற நுண்ணுயிரும் சாகும், பிறகு வாளியில் வெறும் அழுகல்தான் மிஞ்சும்.

இரண்டு மூன்று மாதத்தில் அடியிலிருந்து கறுப்பாக உதிரும். நம் மணலில் ஊற்றுகிற தண்ணீர் நிற்பதில்லை. பசளை கலந்தால் நிற்கும். மிளகாய்க் கன்று வைக்கிற மாமிக்கு இதை யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. என் யோசனை, வாளியை மாமியிடமே பாரம் கொடுங்கள். சருகு அவர் கையில்தான் இருக்கிறது. நீங்கள் குசினி வாளியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.

மீனுக்கு லேசான வழி, சந்தையிலேயே வெட்டிக் கழுவித் தரச் சொல்வது. குடலும் செதிளும் அங்கேயே நின்றுவிடும். வீட்டில் மிஞ்சுகிற முள்ளையும் கோதையும் வெயில் காலத்தில் ஒன்றரையடி ஆழத்தில், கிணற்றிலிருந்து தள்ளி, தென்னையடியில் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். மாரியில் புதைக்க வேண்டாம். பழைய ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு மூடிக் குளிர்சாதனப் பெட்டியின் மேற்தட்டில் வைத்து, ட்ரக்டர் வருகிற காலையில் கொடுத்துவிடலாம். மாமி முகம் சுளிப்பார். நாற்றத்தைவிடச் சுளிப்பு மேல்.

பம்பசை எரிக்கவும் கூடாது, புதைக்கவும் கூடாது. அதற்குள் இருப்பது தண்ணீர் உறிஞ்சும் இரசாயனமும் பிளாஸ்டிக்கும். எரியவும் எரியாது, உக்கவும் உக்காது. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, சுருட்டி அதன் ஒட்டுப்பட்டியாலேயே ஒட்டி, பத்திரிகையில் சுற்றி, மிச்சக் குப்பைப் பையில் போடுங்கள். மாதவிடாய்த் துவாய்களுக்கும் இதுதான் முறை. பகலில் வீட்டில் நிற்கும்போது துணி கட்டினால் பை பாதியாகும். வேலைக்குப் போகிற உங்களிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

உடைந்த கண்ணாடி, சவர அலகு, ஊசி இவற்றைப் பைக்குள் சும்மா போடாதீர்கள். ஒரு பேணியில் போட்டு வாயை நசுக்கி ஒட்டிக் கொடுங்கள். ட்ரக்டரில் நிற்பவர் பையின் கழுத்தைப் பிடித்துத் தூக்குவதில்லை. அடியில் கைகொடுத்து மார்போடு அணைத்துத்தான் எறிவார், கையுறை எல்லா நாளும் இருப்பதில்லை.

அலுவலகங்களில் ஐந்து நிறத் தொட்டி பார்த்திருப்பீர்கள். பச்சை உக்குவதற்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, கபிலம் உலோகத்துக்கு. பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வீட்டுக்கு ஐந்தும் வாங்காதீர்கள், வீண் செலவு. மூடியுள்ள குசினி வாளி ஒன்று, விற்கக்கூடிய சாமானுக்கு உரப்பை ஒன்று, மிச்சத்துக்கு ஒரு பை. அவ்வளவுதான்.

சரி, மாதர் சங்கம்.

செய்யலாம். ஆனால் வருமானம் என்று எண்ணித் தொடங்கினால் மூன்றாம் மாதம் கைவிடுவீர்கள். ஒன்றரை லீற்றர்ச் சோடாப் போத்தல் வெறுமையாக ஏறத்தாழ 30 கிராம்தான். ஒரு கிலோ சேர 30 போத்தலுக்கு மேல் வேண்டும். சின்னத் தண்ணீர்ப் போத்தல் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. இடத்தையோ மலைபோல் அடைக்கும். சங்கத்துக்குக் கையில் வருவது தேநீர்ச் செலவுக்குக் கொஞ்சம் மேலே. ஒழுங்கையில் புகை இல்லாமல் போவதும் வடிகான் அடைபடாமல் இருப்பதும்தான் உண்மையான இலாபம். அதைக் கூட்டத்தில் முதலே சொல்லிவிடுங்கள், பிறகு மனஸ்தாபம் இராது.

சேர்க்கத் தொடங்குமுன் வாங்குகிறவரைப் பிடியுங்கள். இந்த ஒழுங்கு மாறினால்தான் சங்கக் கட்டடத்தின் பின்னால் இன்னொரு குப்பைமேடு முளைக்கிறது. உங்கள் பக்கம் ஆட்டோவிலோ சைக்கிளிலோ பழைய இரும்பு எடுக்க வருகிறவர் இருப்பார். அவரோடு போட்டி போடாதீர்கள், அவர் பிழைப்பு அது. எந்த நாள் வருவார், எதை எடுப்பார், என்ன நிறுவை என்று பேசி முடியுங்கள். அவர் எடுக்காததை நீங்களும் எடுக்காதீர்கள்.

பொதுவாக விலைபோவது எது? பிளாஸ்டிக் சாமானின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் இலக்கம் இருக்கும். 1 சோடா, தண்ணீர்ப் போத்தல். 2 சம்போ, சலவைத் திரவப் போத்தல். 5 கதிரை, வாளி, ஐஸ்கிறீம் டப்பா. இந்த மூன்றுக்கும் ஆளுண்டு. 4, அதாவது சுத்தமான பொலித்தீன், சில இடத்தில் எடுப்பார்கள். 3, 6, 7 இலக்கங்களை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினாலும் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள்; யோகட் கப் பெரும்பாலும் 6தான். பால்மாப் பை, பிஸ்கட் உறை, சிறு பக்கற் எல்லாம் பல படை ஒட்டிய சாமான், பிரிக்க முடியாது. அவை மிச்சப் பைக்கு. கடதாசி மட்டை, இரும்பு, அலுமினியம், செம்பு, முழுப் போத்தல் ஆகியவற்றுக்கு எப்போதும் கேள்வி இருக்கும், நனையாமல் வைத்தால் சரி. லஞ்ச் சீற்றும் ரிஜிபோம் பெட்டியும் 2017 செப்டம்பரிலேயே தடைசெய்யப்பட்டவை. உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் கரண்டி, இடியப்பத் தட்டு முதலியன 2023 ஒக்டோபரில் அந்த வரிசையில் சேர்ந்தன. கடையில் இன்னும் நீட்டினால் வாங்காமல் வருவதுதான் அவற்றை அகற்ற நல்ல வழி. சாப்பாட்டுக் கடைக்குப் பெட்டியோடு போனால் இப்போது யாரும் சிரிப்பதில்லை.

கழுவாத போத்தலை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். மூடியைக் கழற்றி, மிதித்துத் தட்டையாக்கி, பழையபடி மூடி உரப்பையில் போட வேண்டும். திறந்த வாயோடு வெளியில் கிடக்கும் போத்தலில் ஒரு மழை போதும் நுளம்புக்கு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருக விட்ட இடத்துக்காரர் மேல் வழக்கு வரும். அந்த இடத்துக்காரர் சங்கம் என்றால் தலைவிதான் நீதிமன்றம் போக வேண்டும். ஆகவே கூரையுள்ள இடம் கிடைக்காவிட்டால் தொடங்கவே வேண்டாம், அவரவர் வீட்டு உரப்பையில் சேர்த்து, வியாபாரி வருகிற நாளில் மட்டும் ஓரிடத்துக்குக் கொண்டுவாருங்கள். தயிர்ச்சட்டிகளையும் மாரிக்கு முன் கவிழ்த்து வைக்க எல்லாருக்கும் சொல்லுங்கள். எந்த வீட்டுப் பின்புறத்திலும் ஒரு அடுக்கு இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் மாமி கொளுத்துகிற வரைக்கும் அவரிடம் ஒன்றும் கதைக்க முடியாது. மாமியின் கிடங்கு மூடிய பிறகு, "உங்கட போத்தலையும் எங்கட பையிலயே போடுங்கோ" என்று கேளுங்கள். நுளம்புக்குத்தான் புகை போடுகிறேன் என்பார். வேப்பிலையோடு நிறுத்தச் சொல்லுங்கள். பிறகும் பிளாஸ்டிக் எரிந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். முதல் வேலையாகப் போகாதீர்கள், மதிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருபது வருடம் இருக்கப் போகிறவர்கள் நீங்கள்.

கடைசியாக ட்ரக்டர். ஒழுங்கைக்குள் திரும்ப இடமில்லை என்றால் அதைக் கேட்டுப் பயனில்லை. நேரத்தைக் கேளுங்கள். எத்தனை மணிக்குச் சந்திக்கு வரும் என்று தெரிந்தால் முதல்நாள் இரவே பையை வைக்கத் தேவையில்லை. தனியாளாகக் கேட்டால் "வரும், வரும்" என்பார்கள். சங்கத்தின் பெயரில், ஒழுங்கையில் எத்தனை வீடு, எந்த நாள், சந்தியில் எந்த இடம் என்று எழுதி, உக்குகிற குப்பையை நாங்கள் வளவிலேயே வைத்துக்கொள்கிறோம் என்பதையும் சேர்த்து, சபையின் சுகாதாரப் பிரிவுக்குக் கொடுங்கள். தங்கள் சுமை குறைகிறது என்று தெரிந்தால் நேரம் குறித்துத் தருவதில் அவர்களுக்கும் தயக்கம் இராது. பிரதி ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.